வன்தட்டின் பூட்டும் அதன் திறப்பும்

பொருளைத் தேடக் கற்ற மனிதன் அதனைக் காக்கவும் உடன் கற்றான். பொன்னையும் காணி உறுதியையும் பெட்டகத்திலே வைத்துப் பூட்டித் திறப்பை மடியிலே செருகிக்கொண்டு நடமாடிய முதியோரை நம்மிற் பலர் அறிவர். இக்காலத்தே நாம் தேடிய தேட்டத்தின் ஒரு பெரும் பகுதி உள்ளங்கையளவான ஒரு வன்தட்டினுள் அடங்கிவிட்டது. ஆய்வேடும், வாணிகக் கணக்கும், பிள்ளைகளின் ஒளிப்படமும், பெற்றோர் எழுதிய இறுதிக் கடிதமும் ஆங்கேயே உள. அவற்றைக் காக்கும் பூட்டாகிய கடவுச்சொல்லை இட்டவர் மறந்துவிடின், அல்லது சொல்லாமலே இறந்துவிடின், பின்னர் நிகழ்வது யாது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகைப் பூட்டுக்கள்

மடிக்கணினியிற் கடவுச்சொல் கேட்கப்படும் இடங்கள் மூன்று. அவற்றை ஒன்றோடொன்று மயங்கக் கொள்வதினாலேயே பலர் இடர்ப்படுகின்றனர். ஆகலின் முதற்கண் அவற்றை வேறு பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, கணினிக்கு மின்னூட்டியவுடன் அதன் தாய்ப்பலகை கேட்கும் சொல். இது வளவின் படலைக்கு இட்ட பூட்டை ஒக்கும். இரண்டாவது, விண்டோஸ் முதலிய பணிசெயல் முறைமை தொடங்கியபின் கேட்கும் சொல். இது வீட்டு வாயிற் கதவின் பூட்டு. மூன்றாவது, வன்தட்டுத் தானே கேட்கும் சொல். இது வீட்டின் உள்ளே இருக்கும் பெட்டகத்தின் பூட்டு. படலையைக் கழற்றலாம், கதவைப் பெயர்க்கலாம், பெட்டகமோ பூட்டியபடியே இருக்கும். பெட்டகத்தை வேறொரு வீட்டிற்குத் தூக்கிச் சென்றாலும் பூட்டு அதனுடன் கூடவே செல்லும். இம்மூன்றாம் பூட்டினைப் பற்றியே ஈண்டு ஆராய்வோம்.

பூட்டு இருக்கும் இடம்

வன்தட்டு என்பது வெறுந் தட்டன்று. அதனுள் ஒரு சிறு கணினியே குடியிருக்கின்றது எனலாம். காந்தப் பூச்சுடைய தட்டுக்களைச் சுழற்றுவதும், படிக்கும் முனையை வேண்டிய இடத்திற் செலுத்துவதும், வெளியிலிருந்து வருங் கட்டளைகளைக் கேட்டு விடையிறுப்பதும் அதன் தொழில். மடிக்கணினியானது, இன்ன இடத்திலுள்ளதைப் படித்துத் தருக என்று கேட்கும். வன்தட்டு படித்துத் தரும். இவ்வுரையாடலுக்கென வகுக்கப்பட்ட விதிகளுள் ஒன்று ஏ.ரி.ஏ. என்பது. 1997 இல் அமெரிக்காவில் வெளியான ஏ.ரி.ஏ. மூன்றாம் நியமத்திலே, பாதுகாப்புக்கென ஆறு கட்டளைகள் இடம்பெற்றன. கடவுச்சொல் இடுதல், பூட்டுத் திறத்தல், அழிப்பிற்கு ஆயத்தஞ் செய்தல், அழித்தல், உறையச் செய்தல், கடவுச்சொல்லை நீக்குதல் என்பன அவை.

கடவுச்சொல் இடப்பெற்ற வன்தட்டு அக்கணமே பூட்டிக்கொள்வதில்லை. மின் நின்று மீண்டும் வரும்போதே அது பூட்டிய நிலையில் விழிக்கின்றது. அந்நிலையில் அதனிடம் பெயரைக் கேட்டாற் சொல்லும். கொள்ளளவைக் கேட்டாலுஞ் சொல்லும். ஆனால் உள்ளேயிருப்பதைப் படித்துத் தரும்படி கேட்டால் மறுக்கும். புதிதாய் ஒன்றை எழுதச் சொன்னாலும் மறுக்கும். உரிய சொல்லைக் கொடுத்தபின், மின் அறும்வரை அது திறந்தே இருக்கும்.

இச்சொல் பதிந்திருக்கும் இடமே இங்குக் கருதற்பாலது. சுழலும் வன்தட்டுக்களில், பயன்படுத்துவோர் எட்டவியலாத ஒரு பகுதி தட்டின் மேலேயே ஒதுக்கப்பட்டுள்ளது. வன்தட்டு தன் சொந்தக் குறிப்புக்களை எழுதிவைக்கும் இடம் அது. பொதுவாகக் கடவுச்சொல்லும் அங்கேயே பதியப்படுகின்றது. தாய்ப்பலகையில் அது இருப்பதில்லை.

பயன்தராத வைத்தியங்கள்

மேற்கூறியவற்றை உணர்ந்தோர்க்கு, ஊரிற் சொல்லப்படும் வைத்தியங்கள் பலிக்காமைக்குக் காரணம் தானே விளங்கும்.

தாய்ப்பலகையிலுள்ள சிறு பற்றரியைக் கழற்றி வைத்தாற் கடவுச்சொல் அழியும் என்பர் சிலர். பழைய மேசைக் கணினிகளிற் படலைப் பூட்டு அவ்வாறு அழிந்ததுண்டு. பெட்டகப் பூட்டு அங்கே இல்லாமையால் அதற்கு இம்முறை உதவாது.

வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பொருத்தலாம் என்பர் வேறு சிலர். பூட்டு அதனுடனேயே செல்வதால் அதுவும் வீண். சில வேளைகளில் நிலைமை இன்னுஞ் சிக்கலாகும். தட்டச்சிட்ட சொல்லை ஒவ்வொரு நிறுவனத்தின் மடிக்கணினியும் ஒரே வடிவத்தில் வன்தட்டிற்கு அனுப்புவதில்லை. ஒன்று எழுத்துக்களை அவ்வாறே அனுப்பும். வேறொன்று அவற்றை உருமாற்றி அனுப்பும். ஆதலின் சரியான சொல்லை அறிந்தவரும், வேறு வகைக் கணினியிலிருந்து அதனைக் கொடுத்தால் வன்தட்டு ஏற்க மறுத்தல் கூடும். சொல்லை இட்ட கணினியிலேயே அதனை நீக்குதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

வன்தட்டின் அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையை மாற்றிப் பார்ப்போரும் உளர். சொல் தட்டின் மேலே பதிந்திருக்கப் பலகையை மாற்றி ஆவதொன்றில்லை. வன்தட்டை வெறுமையாக்கிப் புதிதாக அமைப்போம் என்பாரோ, எழுதும் கட்டளையையே அது ஏற்காது என்பதை மறந்தவராவர்.

இனி, ஒவ்வொரு சொல்லாக முயன்று பார்ப்போம் எனின், அதற்கும் நியமம் தடை வைத்துள்ளது. ஐந்து முறை பிழையான சொல்லைக் கொடுத்தால், மின்னை நிறுத்தி மீண்டும் கொடுக்கும்வரை வன்தட்டு வேறெந்தச் சொல்லையும் பரிசீலிக்காது. சிறிய ஆங்கில எழுத்துக்கள் எட்டால் ஆன ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அவ்வாறு அமையக்கூடிய சொற்கள் 20,882 கோடிக்கு மேற்பட்டவை. ஐந்து முயற்சிக்கு ஒரு நிமிடம் எனக் கொண்டு இரவுபகல் ஓயாது முயன்றாலும், யாவற்றையும் முயல ஏறக்குறைய 79,000 ஆண்டுகள் செல்லும். நியமமோ எட்டு எழுத்தன்று, 32 பைற்று நீளமான சொல்லுக்கு இடந் தருகின்றது.

இரு சொற்களும் இரு நிலைகளும்

வன்தட்டு ஒரு சொல்லை மட்டும் ஏற்பதில்லை, இரண்டினை ஏற்கும். ஒன்று பயனர் கடவுச்சொல். மற்றையது முதன்மைக் கடவுச்சொல். அலுவலகத்தில் ஊழியர் ஒருவர் தம் சொல்லை மறந்தவிடத்து, கணினிகளுக்குப் பொறுப்பான நிருவாகி உதவுவதற்கென அமைந்தது பின்னையது. முதன்மைச் சொல்லை மட்டும் இடுவதினால் வன்தட்டு பூட்டப்படுவதில்லை. பயனர் சொல்லே பூட்டை உண்டாக்குவது.

பூட்டின் இறுக்கத்திலும் இரு நிலைகள் உள. உயர்நிலையிற் பூட்டிய வன்தட்டை இவ்விரு சொற்களுள் எதனாலுந் திறக்கலாம். அதியுயர் நிலையிற் பூட்டியதைப் பயனர் சொல்லாலன்றித் திறத்தல் இயலாது. அப்போது முதன்மைச் சொல் ஒன்றற்கே பயன்படும்: உள்ளிருக்கும் யாவற்றையும் அழித்து வன்தட்டை வெறுமையாக மீட்டல்.

ஆலையிலிருந்து வெளிவரும் வன்தட்டிலே முதன்மைச் சொல் முன்னரே இடப்பட்டிருப்பதுண்டு. அது பின்னர் மாற்றப்பட்டதா என்பதை அறிய ஓர் எண்ணும் வன்தட்டிற் பதியப்பட்டுள்ளது. ஆலையில் அவ்வெண் 65,534 ஆக வைக்கப்படுவது வழக்கம். பழுது பார்ப்போர் முதலில் இவ்வெண்ணையும் பூட்டின் நிலையையும் கேட்டறிவர். கேட்ட அளவில் எவ்வழி திறந்திருக்கின்றது, எவ்வழி அடைபட்டது என்பது ஒருவாறு புலனாகும்.

சொல் தெரிந்தவிடத்து நீக்கும் முறை

சொல்லை அறிந்தோர் அதனை நீக்குதல் எளிது. மடிக்கணினியை முற்றாக நிறுத்தி, மீண்டும் மின்னூட்டி, அமைப்புத் திரைக்குச் செல்லவேண்டும். அதற்குத் திங்பாட் கணினிகளில் எப்.1 விசையும், டெல் கணினிகளில் எப்.2 விசையும், எச்.பி. கணினிகளில் எப்.10 விசையும் பொதுவாகப் பயன்படும். பாதுகாப்பு என்னும் பகுதியில் வன்தட்டுக் கடவுச்சொல்லுக்கான இடத்தைத் தெரிந்து, இப்போதுள்ள சொல்லை முதலிலே கொடுத்து, புதிய சொல்லுக்குரிய இடங்களை வெறுமையாக விட்டு ஏற்றுக்கொள்ளச் செய்தால் பழைய சொல் நீங்கும். பின்னர் மாற்றத்தைச் சேமித்து வெளியேறவேண்டும்.

அவ்விடம் மங்கலாகத் தோன்றி மாற்றத்திற்கு இடந்தராவிடின் அஞ்சவேண்டியதில்லை. கணினி தொடங்கும்போது, உறையச் செய்யுங் கட்டளையைத் தாய்ப்பலகை வன்தட்டிற்கு அனுப்பிவிடுவது வழக்கம். அதன்பின் மின் நிற்கும்வரை கடவுச்சொல்லை இடவோ மாற்றவோ நீக்கவோ ஒருவராலும் இயலாது. வெறுமனே மறுதொடக்கஞ் செய்யாமல், முற்றாக நிறுத்திச் சிறிது நேரங் கழித்துத் தொடக்கினால் அவ்விடம் திறந்திருக்கக் காணலாம்.

இக்கட்டளைக்கு ஒரு காரணம் உண்டு. கடவுச்சொல் இடாத வன்தட்டும் ஓர் ஆபத்திற்கு இலக்காகும். தீய நிரல் ஒன்று கணினியினுட் புகுந்து, தானே ஒரு சொல்லை இட்டுவிடின், உரிமையாளர் தம் வீட்டினின்றும் வெளியே தள்ளப்பட்டவராவார். ஜெர்மனியில் வெளியாகும் சி.ரி. என்னும் கணினிச் சஞ்சிகை 2005 இல் இவ்வாபத்தை எடுத்துக்காட்டியது.

லினக்ஸ் முறைமையை அறிந்தோர், மார்க் லோர்ட் என்பார் இயற்றிய எச்.டி.பார்ம் என்னும் நிரலால் இதே நீக்கற் கட்டளையை நேரே அனுப்புவர். ஆயின் மடிக்கணினி சொல்லை உருமாற்றி அனுப்பியிருப்பின், நாம் தட்டச்சிட்ட எழுத்துக்களை அந்நிரல் அவ்வாறே அனுப்புவதாற் பயன் விளையாது. அமைப்புத் திரை வழியே நீக்குதலே யாவர்க்கும் ஏற்றது.

சொல் மறந்தவிடத்துச் செய்வன

சொல் மறந்தவிடத்து, எதனை மீட்க விரும்புகின்றோம் என்று முதலிலே தம்மைத் தாமே வினவுதல் வேண்டும். வேண்டுவது வன்தட்டா, அன்றி அதனுள் இருப்பவையா? இவ்விரண்டிற்கும் வழிகள் வேறு. ஒன்றை நாடிச் செய்யும் முயற்சி மற்றையதை என்றென்றைக்கும் இல்லாமற் செய்துவிடக் கூடும்.

வன்தட்டு மட்டும் போதும் எனின், அழித்தற் கட்டளை உதவும். இதற்கும் பயனர் சொல்லேனும் முதன்மைச் சொல்லேனும் வேண்டும். சுழலும் வன்தட்டு முழுவதும் மேலெழுதப்படுவதாற் பெரியவற்றிற்குப் பல மணி நேரஞ் செல்லும். தொடங்கிய பின்னர் இடையில் மின் அறாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும். 2009 இல் வெளியான ஓபல் என்னும் வேறொரு நியமத்தைத் தழுவிய சேமிப்பகங்கள் பலவற்றில், மேலே ஒட்டிய தாளில் 32 எழுத்துக்களாலான ஓர் அடையாளம் அச்சிடப்பட்டுள்ளது. அதனைக் கொடுத்தால் சேமிப்பகம் ஆலை நிலைக்குத் திரும்பும். உள்ளே இருந்தவை யாவும் அப்போது மறையும்.

உள்ளிருப்பவையே வேண்டும் எனின், அழித்தல் என்னுஞ் சொல் தோன்றும் எதனையுந் தொடலாகாது. கணினியை உருவாக்கிய நிறுவனத்தை முதலில் நாடலாம். உரிமையைக் காட்டும் பற்றுச்சீட்டைக் கண்டு, கணினியின் தொடரிலக்கத்தினின்று திறக்குஞ் சொல்லை வழங்கும் நிறுவனங்கள் உண்டு. அவ்வாறு வழங்காதனவும் உண்டு. திங்பாட் கணினிகளை உருவாக்கும் லெனோவோ, மறந்த வன்தட்டுச் சொல்லைத் தன்னால் மீட்கவோ உள்ளிருப்பவற்றை எடுத்துத் தரவோ இயலாது எனவும், வன்தட்டையே மாற்றவேண்டும் எனவும் தன் கைநூல்களில் வெளிப்படையாகவே எழுதியுள்ளது.

இறுதி வழி, தரவு மீட்கும் ஆய்வுகூடங்கள். பழைய சுழலும் வன்தட்டுக்கள் பலவற்றில் பூட்டு உண்டேயன்றி மறைகுறியாக்கம் இல்லை. அஃதாவது, வாயில் அடைக்கப்பட்டதே தவிர உள்ளிருக்கும் எழுத்து எவர்க்கும் விளங்கக்கூடியதாகவே இருக்கின்றது. பி.சி. 3000 போன்ற சிறப்புக் கருவிகளை உடையோர், வன்தட்டின் தனிப்பகுதியைப் படித்துப் பூட்டை விலக்குவதுண்டு. அதற்குப் பணம் மிகச் செல்லும், பலன் உறுதியுமன்று. தன்னைத் தானே மறைகுறியாக்கிக்கொள்ளும் புதிய சேமிப்பகங்களிலே, எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தும் ஓர் இரகசியத் திறப்பினால் உருமாற்றப்படுகின்றது. செம்மையாக அமைக்கப்பட்டதாயின், கடவுச்சொல் இல்லாமல் அத்திறப்பைப் பெறுவதற்கு வழியே இல்லை.

இரு உண்மை நிகழ்ச்சிகள்

இப்பூட்டின் இயல்பை இரு நிகழ்ச்சிகளால் தெளிவாக உணரலாம்.

மைக்கிறோசொவ்ற் நிறுவனம் 2001 இல் எக்ஸ்பொக்ஸ் என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதனுள் இருந்த வன்தட்டு இதே ஏ.ரி.ஏ. கடவுச்சொல்லினாற் பூட்டப்பட்டிருந்தது. அச்சொல்லை எவரும் தட்டச்சிடுவதில்லை. கருவியின் பலகையிலுள்ள ஒரு சிறு நினைவகச் சில்லிலிருந்தும் வன்தட்டின் சொந்த அடையாளங்களிலிருந்தும் அது ஒவ்வொரு முறையுங் கணித்தறியப்பட்டது. எனவே ஒரு கருவியின் வன்தட்டு மற்றொன்றில் இயங்காது. ஆயினும் ஆர்வமுள்ளோர் ஒரு வழி கண்டனர். கருவியைத் தொடக்கி அதுவே பூட்டைத் திறக்கவிட்டு, வன்தட்டிற்கு மின் அறாதபடி தரவு வடத்தை மட்டும் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தனர். திறந்த பெட்டகம் மின் அறும்வரை திறந்தே இருக்கும் என மேலே கூறியதற்கு இதுவே சான்று. இயங்கிக்கொண்டிருக்கும் மடிக்கணினியைக் களவு கொடுத்தவர்க்கு வன்தட்டின் பூட்டு காவலாகாது என்பதும் இதனாற் பெறப்படும்.

இரண்டாவது நிகழ்ச்சி 2018 இல் நடந்தது. நெதர்லாந்து நாட்டின் றட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்லோ மைஜர், பேர்னாட் வன் காஸ்ரல் ஆகிய இருவரும் குறூசியல், சம்சுங் நிறுவனங்களின் சில திண்மநிலைச் சேமிப்பகங்களை ஆராய்ந்தனர். மறைகுறியாக்கம் நடைபெற்றது உண்மையே. ஆனால் அவற்றுட் சிலவற்றில் இரகசியத் திறப்பு கடவுச்சொல்லோடு பிணைக்கப்படாமல் இருந்தது. பெட்டகத்தைப் பூட்டித் திறப்பை அதன் மேலேயே வைத்ததனை இது ஒத்தது. விண்டோஸின் பிற்லொக்கர் என்னும் காவல்முறை அதுகாறும் இத்தகைய சேமிப்பகங்களின் சொந்த மறைகுறியாக்கத்தை நம்பியிருந்தது. 2019 இலிருந்து, சேமிப்பகத்தை நம்பாது மென்பொருளாலேயே மறைகுறியாக்குவதை அது தன் வழக்கமாக்கியது.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

பூட்டு வலியதாகுமளவிற்கு மறதியின் விலையும் ஏறுகின்றது. கள்வனுக்கு அடைத்த வாயில் மனைவிக்கும் மக்களுக்கும் சேர்த்தே அடைபடுகின்றது. ஆதலின் வன்தட்டிற்குச் சொல் இடுவோர் மூன்றனைச் செய்தல் நன்று.

சொல்லை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் இடத்திலே வைத்தல் முதலாவது. பிற்லொக்கரைப் பயன்படுத்துவோர் அதன் 48 இலக்க மீட்புத் திறப்பையும் அவ்வுறையிலே சேர்க்க. இழக்கலாகாதவற்றை வேறொரு சேமிப்பகத்திலும் படியெடுத்து வைத்தல் இரண்டாவது. படி உள்ளவனுக்கு மறதி பண நட்டமாகுமேயன்றி வாழ்நாள் துயரமாகாது. கணினி கைமாறுமுன் சொல்லை நீக்குதல் மூன்றாவது.

இம்மூன்றாவதை நம் பழைய மாணவர் சிறப்பாகக் கருத்திற் கொள்வாராக. தாம் பயன்படுத்திய மடிக்கணினிகளைத் தாம் பயின்ற கல்லூரிக்கோ ஊர் நூலகத்திற்கோ அன்பளிப்பாக அனுப்ப விரும்புவோர், முதலில் உள்ளிருப்பவற்றைப் படியெடுத்து, பின்னர் முற்றாக அழித்து, வன்தட்டுச் சொல்லையும் அமைப்புத் திரையின் சொல்லையும் நீக்கி, ஒருமுறை தொடக்கிப் பார்த்து அனுப்புவாராக. பூட்டியபடி வந்து சேரும் கணினியால் மாணவர்க்குப் பயனில்லை. அனுப்பியவரை ஈராயிரம் மைல்களுக்கு அப்பால் தேடிச் சொல்லைக் கேட்பதும் எளிதன்று. பழைய கணினியை விலைக்கு வாங்குவோரும் கடையிலேயே அதனை முற்றாக நிறுத்தித் தொடக்கிப் பார்த்தபின்னரே பணங் கொடுத்தல் வேண்டும்.

கணினி திருத்துந் தொழிலை மேற்கொள்ளும் இளைஞர்க்கும் ஒரு சொல். பூட்டிய மடிக்கணினியோடு வருபவர் அனைவரும் அதன் உரிமையாளர் அல்லர். பற்றுச்சீட்டையோ உரிமைக்கு வேறு சான்றையோ கேட்ட பின்பே கை வைத்தல் தொழிலுக்கு அழகு. கேட்டதனாற் சினந்து செல்பவர் ஒருவர் இருப்பின், அவர் சென்றதே நன்று. மாறாக, இறந்த தந்தையின் கணினியைக் கொணர்ந்து ஒளிப்படங்களை மீட்டுத் தருமாறு வேண்டும் மகளுக்கு, அழித்தற் கட்டளையை அவசரப்பட்டு அனுப்பிவிடாது, எவ்வழி உண்டு, எவ்வழி இல்லை என்பதை உண்மையாக எடுத்துரைப்பதே அத்தொழிலாளன் செய்யத்தக்க பேருதவியாகும்.